ஐரோப்பாவுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு

ஐரோப்பா போய் வந்தவரிடம் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்பதுதான். அடுத்தது "சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க?" என் அக்கா இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். அக்கா, அத்தான், எட்டாவது படிக்கும் பெண், நாலாவது படிக்கும் பையன் என நான்கு பேர் அடுத்த வருடம் போக நினைக்கிறார்கள். நகரம் வேண்டும், ஏரி வேண்டும், பனிமலை வேண்டும், கடன் மட்டும் வாங்கக்கூடாது. டிராவல்ஸ்காரர் ஒருவர் தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த "ஒரு நாளைக்கு இவ்வளவு" என்ற கணக்கில்தான் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் நகரமும் ஏரியும் மலையும் ஒரே மாதிரி பணம் வாங்குவதில்லை. நகரம் படுக்கைக்கும் நுழைவுச் சீட்டுக்கும் வாங்கும். ஏரி, அறை வாடகை போக அநேகமாக ஒன்றும் வாங்காது. மலை ஒரே விஷயத்துக்குத்தான் வாங்கும், மேலே ஏறுவதற்கு. ஆனால் வாங்குவதை மொத்தமாக வாங்கிவிடும். மூன்றையும் கூட்டி நாளால் வகுத்து வரும் சராசரியை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

நான் அவர்களுக்குச் சொன்ன பாதை இது: இத்தாலியின் மிலானில் இறங்குவது, கோமோ ஏரி, எல்லை ஊரான திரானோவிலிருந்து பெர்னினா ரயிலில் ஆல்ப்ஸைத் தாண்டி சுவிட்சர்லாந்தின் லூசெர்ன், அங்கிருந்து மலைப் பள்ளத்தாக்கு ஊரான லாட்டர்புரூனன், கடைசியாக சூரிச்சில் விமானம். போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் இன்னொன்று என்று ஒரே டிக்கெட்டாகப் போட்டால் பெரும்பாலும் விலை அதிகம் ஏறுவதில்லை. இறங்கிய ஊருக்கே திரும்பி வர ஒரு நாளையும் நான்கு பேர் ரயில் காசையும் செலவழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

முதலில் விசா, ஏனென்றால் இரவுகளை எங்கே வைக்கிறோம் என்பது அதையும் தொடுகிறது. இத்தாலி, சுவிட்சர்லாந்து உட்படப் பல நாடுகளுக்கு ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசாவை, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். இத்தாலியில் ஐந்து இரவு, சுவிட்சர்லாந்தில் ஐந்து இரவு என்று சரிபாதியாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம், அதாவது இத்தாலியிடம், கேட்க வேண்டும். எந்த இரவு எங்கே என்பது திட்டத் தாளில் தெளிவாகத் தெரிய வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. பன்னிரண்டு முடிந்த பிள்ளை கணக்கில் பெரியவர்தான், ஆகவே அக்கா வீட்டுக்கு 315 யூரோ. இதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. இதெல்லாம் பேரம் பேச முடியாத தொகை, எழுதி ஓரமாக வைத்துவிடலாம்.

மிலானுக்கு வருவோம். இங்கே செலவை முடிவு செய்வது எந்த ஹோட்டல் என்பதைவிட எந்த வாரம் என்பது. ஏப்ரலில் நடக்கும் மரச்சாமான் கண்காட்சி வாரத்தில் அதே அறை வேறு விலைக்குப் போகும், அந்த வாரத்தைத் தொடவே கூடாது. அறையை கதீட்ரல் பக்கத்தில் தேட வேண்டியதில்லை. மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கிருந்தாலும் சரி, நகரம் முழுக்க 2.20 யூரோ சீட்டில் போய்வரலாம், கையிலிருக்கும் வங்கி அட்டையையே வாசலில் தட்டிவிட்டு நுழையலாம். டாவின்சியின் கடைசி இராவுணவு ஓவியத்துக்கு 15 யூரோதான், 15 நிமிடம்தான் உள்ளே விடுவார்கள், ஆனால் சீட்டு சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாகத் திறந்து சீக்கிரமே தீர்ந்துவிடும். பிந்தியவர்கள் வழிகாட்டியோடு சேர்த்து விற்கும் சீட்டைப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இத்தாலிய அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், பிரேரா ஓவியக்கூடம் உட்பட. அந்த ஞாயிறு உங்கள் மிலான் நாளில் விழுந்தால் நல்லது, அதற்காகப் பயணத்தையே நகர்த்த வேண்டாம். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. உணவகத்தில் உட்கார்ந்ததற்கென்றே ஆளுக்கு ஓரிரு யூரோ பில்லில் வரும், அது ஏமாற்று அல்ல, அங்கே வழக்கமே அப்படி. இரண்டு இரவுக்கு மேல் மிலானில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஃபேஷனில் ஆர்வம் இருப்பவர்கள் கோபிக்கலாம்.

கோமோ ஏரிதான் இந்தப் பாதையிலேயே காசுக்கு அதிகம் தரும் இடம், ஆனால் எல்லாரும் தங்கும் இடத்தில் தங்கினால் தராது. பெல்லாஜியோவும் வரென்னாவும் படத்தில் பார்க்கும் ஊர்கள், விலையும் அதற்கேற்ப. மிலான் சென்ட்ரல் நிலையத்திலிருந்து திரானோ போகும் ரயில் லெக்கோ வழியாக ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியே போகிறது. லெக்கோ சாதாரண மனிதர்கள் வேலைக்குப் போய் வரும் ஊர். சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, சமையலறையோடு வீடு கிடைக்கிறது, பின்னால் சுண்ணாம்புப் பாறை மலை, முன்னால் அதே ஏரி. அங்கிருந்து வரென்னா ரயிலில் 20 நிமிடம் அளவில். வரென்னாவிலிருந்து பெல்லாஜியோவுக்குப் படகு கால்மணி நேரம், கட்டணம் 5 யூரோ அளவில். நாள் முழுக்கப் படகில் ஏறி இறங்கி மூன்று ஊரைப் பார்த்துவிட்டு, ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, இரவு லெக்கோவில் பருப்பும் சோறும் வைத்துக்கொள்ளலாம். பிராந்திய ரயில்களுக்கு முன்பதிவால் விலை குறைவதில்லை, அன்று காலை வாங்கினாலும் அதே விலைதான், ஆகவே "ஆன்லைனில் இப்போதே போடுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். காகிதச் சீட்டாக வாங்கினால் மட்டும் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும்.

ஏரியில் இன்னொரு இரவு கூட்டலாமே என்று அக்கா கேட்டார். கூட்டலாம், ஆனால் அந்த இரவை நான் திரானோவில் வைத்தேன். காரணம் நேரமும் பணமும் இரண்டும்தான். லெக்கோவிலிருந்து ஒரே நாளில் லூசெர்ன் போனால் நாள் முழுக்க ரயிலிலேயே கழியும், பையன் அழுதுவிடுவான். திரானோ எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கடைசி இத்தாலிய ஊர், அறை யூரோ விலையில் கிடைக்கும், மாலையில் ரயில் சாலை நடுவே நகர்ந்து மாதா பேராலயத்துக்கு முன்னால் சதுக்கத்தைக் கடந்து போவதைப் பார்க்கலாம், மறுநாள் காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடிக்கலாம். விலை கூடிய நாட்டில் ஒரு இரவு குறைகிறது என்பதுதான் இதில் முக்கியம்.

பெர்னினா பாதையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற கண்ணாடிக் கூரை வண்டிக்குப் பயணச்சீட்டோ பாஸோ இருந்தாலும் மேலே தனியாக இருக்கைக் கட்டணம் உண்டு, கோடையில் அது ஒரு குடும்பத்துக்கு நல்ல தொகை. அதே தண்டவாளத்தில், அதே புரூசியோ வட்டப் பாலத்தில் சுற்றி ஏறி, அதே பனிக்கட்டி ஆறுகளைப் பார்த்தபடி சாதாரண பிராந்திய ரயிலும் போகிறது, அதற்கு அந்தக் கட்டணம் இல்லை. பல் சக்கரம் எதுவும் இல்லாமல் 429 மீட்டர் உயரத்திலிருக்கும் திரானோவிலிருந்து 2253 மீட்டரில் இருக்கும் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்துக்கு ஏறும் வண்டி அது, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பாதை. கண்ணாடிக் கூரையில் வெயில் எதிரொளித்து புகைப்படம் கெடும், சாதாரண வண்டியின் சில பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கலாம். பிடித்த நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கலாம், ஆல்ப் கிரூமில் அப்படி இறங்கித்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதைச் சிக்கனம் என்றே சொல்ல மாட்டேன், சாதாரண வண்டிதான் நல்ல வண்டி.

இனி சுவிட்சர்லாந்து. இங்கேதான் எல்லாரும் பயப்படுகிறார்கள், கொஞ்சம் பயப்படவும் வேண்டும். பெரிய முடிவு ஒன்றுதான்: வாங்கிய நாட்களுக்கு ரயில், படகு, பஸ் எல்லாம் அடங்கிய டிராவல் பாஸா, அரைக்கட்டண அட்டையா. 2025-இல் இரண்டாம் வகுப்பு பாஸ் 3 நாளுக்கு 244 பிராங்க், 4 நாளுக்கு 295, 6 நாளுக்கு 379, 8 நாளுக்கு 419. அரைக்கட்டண அட்டை 150 பிராங்க், ஒரு மாதம் செல்லும், ரயில், படகு, பஸ், பெரும்பாலான மலை வண்டிகள் எல்லாவற்றிலும் பாதி விலை. இதில் எது லாபம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், ஆனால் இது கருத்துச் சொல்லும் விஷயமே இல்லை, வெறும் கழித்தல் பெருக்கல். 379-இல் 150-ஐக் கழித்தால் 229, அதை இரட்டிப்பாக்கினால் 458. ஆறு நாளில் ஒருவருக்கு முழுக்கட்டணமாக ஆகும் போக்குவரத்து 458 பிராங்கைத் தாண்டினால் பாஸ், தாண்டாவிட்டால் அட்டை. நான்கு நாளுக்கு அந்த எல்லை 290, எட்டு நாளுக்கு 538. சுவிஸ் ரயில்வே செயலியில் ஒவ்வொரு பயணத்தின் முழு விலையும் தெரியும், ஒரு மாலை உட்கார்ந்து கூட்டினால் போதும். ஆனால் கூட்டும்போது கவனிக்க வேண்டியது, எந்த மலை பாஸுக்குள் வருகிறது என்பது. ரிகி, ஸ்டான்செர்ஹார்ன், ஸ்டூஸ் மூன்றும் பாஸில் முழுக்க அடக்கம். பிலாட்டுஸ், டிட்லிஸ் போன்றவற்றில் பாதி. யுங்ஃப்ராவ்யோக் என்ற பனிமலை ரயில் நிலையத்துக்கோ வழியிலுள்ள வெங்கன் அல்லது கிரின்டெல்வால்டு வரை இலவசம், அதற்கு மேல் 25 சதவீதம் மட்டுமே தள்ளுபடி. அரைக்கட்டண அட்டைக்கு அங்கே பாதி விலை.

பிள்ளைகள் விஷயத்தில் சுவிஸ்காரர்கள் தாராளம். பெற்றோரில் ஒருவரிடம் பாஸோ அரைக்கட்டண அட்டையோ இருந்தால், குடும்ப அட்டை என்று ஒன்றைக் காசில்லாமல் தருவார்கள், 6 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகள் கூடவே இலவசமாகப் போகலாம். தானாக வராது, பாஸ் வாங்கும்போதே கேட்டுச் சேர்க்க வேண்டும். பெண்ணுக்கு 16 ஆவதற்குள் போய்விடுங்கள் என்று நான் அக்காவை விரட்டுவதற்கு இதுதான் காரணம்.

அக்காவின் பாதையைக் கூட்டிப் பார்த்தால், பெரிய சிகரம் எதுவும் சேர்க்காதவரை பாஸும் அட்டையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அப்படியிருந்தால் நான் பாஸ் பக்கம்தான். மழை வந்தால் காசு நஷ்டம் இல்லாமல் திசையை மாற்றலாம் என்பதற்காக. மலையில் மழை விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். லூசெர்னில் வானம் தெளிவாக இருந்தால் காலையில் படகில் விட்ஸ்னாவ் போய், அங்கிருந்து 1871-இல் ஓடத் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் மலை ரயிலில் ரிகி உச்சிக்கு ஏறி, கீழே வெக்கிஸ் வழியாக இறங்கி மறுபடி படகு, இதற்கு ஒரு பிராங்க்கூடத் தனியாகக் கொடுக்க வேண்டாம். மழையாக இருந்தால் அதே பாஸோடு பெர்ன் போய்விடலாம். பழைய நகரத்தில் கூரை போட்ட நடைபாதைகளே 6 கிலோமீட்டர் இருக்கின்றன, நனையாமல் சுற்றலாம். யூரோப்பாபிளாட்ஸ் பக்கம் சமயங்களின் இல்லம் என்ற கட்டடத்தில் நம் ஈழத்தமிழர்கள் நடத்தும் சைவக்கோயில் இருக்கிறது, மசூதி, தேவாலயம், புத்தர் ஆலயம் எல்லாம் அதே கூரைக்குக் கீழ். சுவிட்சர்லாந்தின் பெரிய ஊர்களில் தமிழ்க் கடைகளும் உண்டு, கறிவேப்பிலையிலிருந்து இடியப்பம் வரை கிடைக்கும். சாப்பாட்டுக் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

மீதிப் பதில்: காலையும் இரவும் வீட்டில், மதியம் ஏதாவது. மிக்ரோ, கோப் என்ற இரண்டு சூப்பர் மார்க்கெட்களிலும் பல கிளைகளில் தட்டு எடுத்துப் பரிமாறிக்கொள்ளும் உணவகமும் உண்டு, சாதாரண ஹோட்டலில் 25 பிராங்க் கொடுக்கும் இடத்தில் அங்கே நிறையக் குறையும். தண்ணீர் வாங்கவே வேண்டாம், தெரு நீரூற்றுகள் குடிநீர்தான், குடிக்கக்கூடாது என்றால் பலகை வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடிவிடும், ரயில் நிலையக் கடைகள்தான் திறந்திருக்கும், அரிசியும் தயிரும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும்.

லாட்டர்புரூனனில் தங்குவதற்கு விலை அதிகம், அதை மறைக்க முடியாது. ஆனால் அங்கே தங்கினால் மற்ற செலவு நின்றுவிடுகிறது. 297 மீட்டரிலிருந்து விழும் ஸ்டாப்பாக் அருவி ஊருக்குள்ளேயே இருக்கிறது, பள்ளத்தாக்கில் நடப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. முக்கியமாக, மூரன் என்ற கார் போகாத மலையூர் பாஸுக்குள் முழுக்க அடக்கம். 1638 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்தால் ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றும் எதிரே, நடுவில் பள்ளத்தாக்கு மட்டும். இதைச் சொன்னதும் அக்கா, "அது சரிடா, யுங்ஃப்ராவுக்கு மேல ஏறாம வந்தா ஊர்ல என்ன சொல்றது?" என்றார். நியாயமான கேள்விதான், நம் ஆட்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் சுவிட்சர்லாந்தே போகிறார்கள், 3454 மீட்டரில் இந்தியச் சாப்பாட்டுக்கென்றே ஓர் உணவகம் வைக்கும் அளவுக்கு. 1912-இல் ஐகர் மலையைக் குடைந்து போட்டு முடித்த ரயில் பாதை அது, அதைப் பார்ப்பதற்காக ஏறுகிறேன் என்றால் நான் தடுக்க மாட்டேன். பனியில் நின்று படம் எடுக்க மட்டும் என்றால், இன்டர்லாகனிலிருந்து போய்வரத் தள்ளுபடி இல்லாமல் 200 பிராங்குக்கு மேல் ஆகிறது, மேகம் மூடினால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். மேலே இருக்கும் கேமரா படம் இணையத்தில் நேரலையாக வருகிறது. அன்று காலை அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், மாதங்களுக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டியது மிலான் ஓவியச் சீட்டுதான், மலைச் சீட்டு அல்ல.

ஊரிலிருந்து போகிறவர்களுக்கு மே மாத விடுமுறைதான் வசதி, அதுதான் மலைக்குச் சரியில்லாத மாதமும். உயரத்து நடைபாதைகளில் அப்போது இன்னும் பனி கிடக்கும், சில மலை வண்டிகள் மே கடைசியில் அல்லது ஜூனில்தான் ஓடத் தொடங்கும். செப்டம்பர் எல்லா வகையிலும் நல்லது, ஆனால் பள்ளிக்கூடத்தில் யார் விடுவார்கள். மே என்றால் மே மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, மலையில் எதிர்பார்ப்பைக் குறைத்து, ஏரியில் நாளைக் கூட்டி.

சரி, தொகை. யூரோவை 105 ரூபாய், பிராங்கை 115 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் போகும் நேரத்து விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு இத்தாலியில் ஐந்து இரவு 660 யூரோ, சுவிஸில் ஐந்து இரவு 1100 பிராங்க், ஆக அறைக்கு மட்டும் 1,95,800 ரூபாய். இரண்டு பேருக்கு ஆறு நாள் பாஸ் 2025 விலையில் 758 பிராங்க், அதாவது 87,170. இத்தாலிப் போக்குவரத்துக்கு 150 யூரோ, மிலான் நுழைவுகளுக்கு 100. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 70 யூரோ, எல்லை தாண்டிய பின் 70 பிராங்க், சமைத்துச் சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையில். மலைக்கென்று கூடுதலாக 200 பிராங்க் கையில். எல்லாம் கூட்டினால் 4,17,000 ரூபாய் அளவில், விசாவோடு நாலரை லட்சம். விமானம், காப்பீடு தனி. இது நான் வைக்கும் தொகை, அறை விலையைக் கோடை நெருக்கத்தில் தேடினால் இன்னும் ஏறும். பாருங்கள், அறையும் பாஸும் மட்டுமே மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. காபியில் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை, இரவுகளை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சின்னச் சின்ன ஓட்டைகளும் உண்டு. பல வங்கி அட்டைகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டியும் போடும், நாலு லட்சத்துக்கு அது 16,000 ரூபாய்க்கு மேல், ஆகவே அந்தக் கட்டணம் இல்லாத அட்டை ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. கடை இயந்திரம் ரூபாயில் எடுக்கட்டுமா பிராங்கில் எடுக்கட்டுமா என்று அன்பாகக் கேட்டால் பிராங்க் என்றே சொல்லுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விலைதான். இத்தாலியில் வாங்கும் சிம் கார்டு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கப் பேசும், சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, எல்லையைத் தாண்டியதும் டேட்டா நிற்கலாம் அல்லது பில் எகிறலாம். இத்தாலி ஹோட்டல்களில் நகர வரி என்று தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று பெரும்பாலும் கிளம்பும்போது தனியாகக் கேட்பார்கள். டூர் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ஆனால் முதலில் கையிலிருந்து போயாக வேண்டும்.

அக்கா இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, லூசெர்னில் ஒரு இரவைக் குறைத்து லாட்டர்புரூனனில் சேர்த்திருக்கிறார். யுங்ஃப்ராவ் வரிசையில் அத்தான் பெயர் மட்டும் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அத்தான் ஒருவர்தான் ஏறுகிறார் என்றால் அவருக்கு மட்டும் அரைக்கட்டண அட்டை, அக்காவுக்குப் பாஸ் என்று பிரித்து வாங்கலாமா என்று நேற்று இரவு கேட்டார். வாங்கலாம். கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.